ஊசி நாளில் வரும் மருந்து மற்ற நாட்களில் எங்கே?

2022 ஜனவரி 3 நினைவிருக்கிறதா, தோழர்களே? பதினைந்து வயது முதல் பதினெட்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கிய நாள் அது. பள்ளிக்கூட வராந்தாவில் வரிசை நின்றது. ஊசி போட்டுக்கொண்ட பிள்ளைகளை உடனே வகுப்புக்கு அனுப்பவில்லை. அரைமணி நேரம் பெஞ்சியில் உட்கார வைத்தார்கள். எதற்காக உட்கார வைத்தார்கள் என்று கேட்டவர் எத்தனை பேர்?

காரணம் இதுதான். எந்த ஊசி போட்டாலும், பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கு உடம்பு அதை எதிரியாக எண்ணிக் கொந்தளிக்கும். தடிப்பு எழும்பும்; உதடும் தொண்டையும் வீங்கும்; மூச்சு விசிலடிக்கும்; நாடி விழும். டாக்டர்கள் இதை அனாபிலாக்சிஸ் என்பார்கள். ஒவ்வாமை அதிர்ச்சி என்று நாம் சொல்லலாம். அந்த அரைமணிக்குள் அது வந்தால் தடுக்க, நர்சு அம்மாவின் பெட்டியில் ஒரு சிறு கண்ணாடிக் குப்பி இருந்தது. அதன் பெயர் அட்ரினலின். மாலையானதும் பெட்டியை மூடிக்கொண்டு நர்சு அம்மா புறப்பட்டார். குப்பியும் கூடவே புறப்பட்டது.

அது புறப்பட்டபின் அந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன இருக்கிறது? டிங்க்சர் இருக்கிறது, பஞ்சு இருக்கிறது, காய்ச்சல் மாத்திரை இருக்கிறது. உயிர் காக்கும் அந்த ஒரு குப்பி மட்டும் இல்லை!

இந்த நோய்க்குப் பெயர் கிடைத்த கதை நம் கடற்கரைத் தோழர்களுக்குச் சுவையாக இருக்கும். 1901-இல் மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் ரிஷே, போர்ட்டியே என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் சென்றார்கள். அவர்கள் ஆராயப் போனது, கடலில் மிதந்து வந்து உடம்பில் பட்டால் தீயாய் எரியுமே, நம் மீனவர் சொறி என்கிறார்களே, அந்த இனத்தின் நஞ்சை! கரை திரும்பி, கடல் அனிமோன் நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல்முறை தாங்கிக்கொண்டு நலமாக இருந்த நாய் ஒன்றுக்கு மூன்று வாரம் கழித்து மறுபடி செலுத்தியபோது, இருபத்தைந்தே நிமிடத்தில் அது செத்தது. முதலில் ஒன்றும் செய்யாதது, இரண்டாம் முறை கொன்றது! ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. அட்ரினலினைத் தனியே பிரித்தெடுத்தவர் ஜப்பானியரான தக்காமினே; அதுவும் அதே 1901-ஐ ஒட்டித்தான். ஆக, நோயும் மருந்தும் ஒரே காலத்தில் உலகுக்குத் தெரிந்தன. நூற்றிருபது ஆண்டுக்கு மேலாகியும் மருந்து நம் பிள்ளையின் பக்கத்தில் வந்து சேரவில்லை.

"எங்கோ ஒருவருக்கு வருவதுதானே" என்று சிலர் தோளைக் குலுக்கலாம். நம் கரையைச் சுற்றிப் பாருங்கள். வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை மீனும் இறாலும் நண்டும் அன்றாட உணவு. அவற்றில் இறாலும் நண்டும் உலகெங்கும் கடும் ஒவ்வாமைக்குப் பேர்போனவை. உள்ளே போனால் பனங்காடு, பனையில் கடந்தை கூடு கட்டும், பையன்கள் கல்லெறிவார்கள். கடந்தையும் தேனீயும் கொட்டினால் பலருக்கு வெறும் வீக்கம், ஒருவனுக்கு உயிராபத்து. கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி நம் மாவட்டம்தான். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை அங்கேயும் பிறக்கும். சூரை மீனைப் பனிக்கட்டி இல்லாமல் வெயிலில் போட்டுவிட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் அதில் ஊறும். கொதிக்க வைத்தாலும் போகாது. அதைத் தின்றவனுக்கு ஒவ்வாமை போலவே முகம் சிவந்து தடிப்பு வரும். இது வேறு, அது வேறு. ஆனால் "போன தடவை மீனால் வந்தது, தானாகச் சரியாகிவிட்டது" என்று சொல்லிச் சொல்லி, நிஜ ஒவ்வாமை வரும் நாளில் ஏமாந்து நிற்கிறோம்.

காணாக்கடி என்று வேப்பிலை தடவுகிறோம். தடிப்பு மட்டும் என்றால் தடவிக்கொள்ளட்டும், குற்றமில்லை. தடிப்போடு மூச்சு திணறினாலோ, குரல் கம்மினாலோ, வாந்தியும் மயக்கமும் சேர்ந்தாலோ அது காணாக்கடி அல்ல. அப்போதும் நாம் செய்வது என்ன? தெருமுனை டாக்டரிடம் ஓடி ஒரு அவில், ஒரு டெக்சா போடுகிறோம். அவை அரிப்பைத் தணிக்கும். அடைபடும் மூச்சுக் குழாயைத் திறக்கா, விழும் நாடியைத் தூக்கா. ரத்தக் குழாயெல்லாம் கசியும் நேரம் அது. பலகை விட்டுப்போன தோணி போல உடம்பு உள்ளுக்குள் நீர் வாங்குகிறது. கசிவை அடைப்பதும் மூச்சுக் குழாயை விரிப்பதும் இதயத்துக்கு வலுவூட்டுவதும் அட்ரினலின் ஒன்றே. தொடையின் வெளிப்பக்கத் தசையில் உடனே போட வேண்டும். தேவைப்பட்டால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் போடலாம். அவிலும் டெக்சாவும் அதற்குப் பிறகு வரட்டும்.

இன்னொன்று. மயங்கும் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு பறக்கிறோமே, அது அன்பினால் செய்யும் ஆபத்து! நாடி விழுந்தவனை நிமிர்த்தினால் இதயத்துக்கு ரத்தம் திரும்பாது. படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறல் மட்டும் இருந்தால் சாய்த்து உட்கார வைக்கலாம்.

நேரக் கணக்கைக் கேளுங்கள். பிரிட்டனில் இந்நோயால் இறந்தவர்களைப் பற்றி டாக்டர் பம்ஃப்ரி ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார். இதயம் நிற்க ஆன நேரம், உணவால் வந்தோரிடம் பெரும்பாலும் 30 நிமிடம். பூச்சிக் கொட்டால் 15 நிமிடம். ஊசி மருந்தால் 5 நிமிடம். வேம்பாரிலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர்! 2008-இல் தொடங்கிய 108 வண்டியை நாம் குறை சொல்லவில்லை. எத்தனையோ உயிர் காத்த வண்டி அது. ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தீவாகிப் போனபோது எந்த வண்டி எந்தப் பாதையில் ஓடியது? மருந்து முன்கூட்டியே ஊருக்குள் இருக்க வேண்டும். பிள்ளை மருந்தைத் தேடி ஓடும் நிலை கூடாது.

சட்டம் இடம் தருமா என்று கேட்கலாம். டாக்டர் இல்லாத இடத்தில், தடுப்பூசியால் இந்த அதிர்ச்சி வந்தால் கிராம சுகாதார நர்சே ஒரு வேளை அட்ரினலினைத் தசையில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. 10 வயதிலும் 16 வயதிலும் ரணஜன்னி ஊசி போட அதே நர்சு அதே பள்ளிக்கு வருகிறார். தடுப்பூசியால் மூச்சு நின்றால் மருந்து உண்டு. மறுநாள் அதே பெஞ்சியில், அதே பிள்ளைக்கு, கடந்தை கொட்டி மூச்சு நின்றால் மருந்து இல்லை! இது என்ன நியாயம்?

கனடாவின் ஒண்டாரியோவில் சப்ரினா ஷானன் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி 2003-இல் பள்ளியில் உண்ட உணவில் பால் கலந்திருந்ததால் இறந்தாள். அவளுக்கு மருந்து இருந்தது, எங்கே? அவளுடைய அலமாரியில்! அங்கு 2005-இல் அவள் பெயரால் ஒரு சட்டம் வந்தது. பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் பள்ளிகள் உபரி ஊசியைத் தாமே வாங்கி வைக்கலாம். அமெரிக்காவில் 2013-இல் இதற்கெனச் சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சட்டத்துக்காகக் குரல் கொடுத்த மைலான் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? தானே குத்திக்கொள்ளும் எப்பிபென் பேனா இரண்டின் விலை 2007-இல் ஏறத்தாழ நூறு டாலர், 2016-இல் அறுநூறு! உள்ளே இருப்பது அதே பழைய அட்ரினலின். விலை பேனாக் கூட்டுக்கு! பிள்ளையின் மூச்சை அடகு வாங்கியது லாப வேட்டை. அதன் தலைவி நாடாளுமன்றக் குழு முன் நின்று பதில் சொல்ல வேண்டி வந்தது. மருத்துவ உதவித் திட்டக் கட்டண வழக்கில் கம்பெனி 46.5 கோடி டாலர் கட்டியது.

நம் நாட்டில் அந்தப் பேனா தெருமுனை மருந்துக் கடையில் கேட்டால் கிடைக்கும் பொருள் அல்ல. ஆனால் கண்ணாடிக் குப்பி அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளது. விலைக் கட்டுப்பாட்டில் உள்ளது. சில பத்து ரூபாய்க்குள் அடங்கும். "வாத்தியார் கையில் ஊசியா?" என்ற அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். அது நியாயமான அச்சம். முழுக் குப்பியையும் ரத்தக் குழாயில் ஏற்றிவிட்டால் ஆபத்து. அதனால்தான் அளவிட்டு நிரப்பிய ஊசி வேண்டும், பயிற்சி வேண்டும், நல்லெண்ணத்தோடு போட்ட ஆசிரியர் மீதும் சத்துணவு அமைப்பாளர் மீதும் வழக்குப் பாயாது என்ற சட்டக் காப்பும் வேண்டும். மருந்தை மொத்தமாக வாங்கி விலையை இறக்கிக் காட்டிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 முதல் நம்மிடம் இருக்கிறது. அளவிட்ட ஊசியைத் தயாரித்துத் தர ஒப்பந்தம் கோர அதனால் முடியாதா?

வேறொரு குரலும் கிளம்பும்: "அப்படியானால் முட்டையை நிறுத்திவிடுவோம்." கூடாது! 1956-இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் சத்துணவாகி, 1989-இல் முட்டை கண்டு, 2022-இல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்து வளர்ந்திருக்கிறது. ஒத்துக்கொள்ளாத ஒரு பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுங்கள். மற்ற பிள்ளைகளின் முட்டையில் கை வைக்காதீர்கள். அதற்கு எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்ற பட்டியல் தேவை. 1961 வரை இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடந்ததே, பழைய நாட்களில் கரை சேர்ந்த சிப்பியை மூன்று கூறாக்கி இரண்டு கூறைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும், ஒரு கூறு குளித்தவனுக்கு. சிப்பியை எண்ணிக் கணக்கு எழுதிய கரையில், இறால் ஆகாத பிள்ளை யார் என்று எழுத ஒரு நோட்டுப் புத்தகம் கிடைக்காதா?

பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். துறைமுகத் தோழர்களும் உப்பளத் தோழர்களும் சங்கு குளிக்கும் தோழர்களும் அதில் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். ஒவ்வாமைப் பட்டியல் எழுதியாயிற்றா? ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் அட்ரினலின் இருக்கிறதா, காலாவதி தேதி என்ன, வெயிலும் வெளிச்சமும் படாமல் வைத்திருக்கிறார்களா? நர்சு அம்மா வந்து ஆசிரியர்களுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி தருவது எந்தத் தேதியில்? பள்ளியில் மருந்து வைக்க அனுமதியும் சட்டக் காப்பும் கோரித் தீர்மானம் போடுங்கள். நகல் ஒன்றை ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடமும், மற்றொன்றை முதன்மைக் கல்வி அலுவலரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வாருங்கள்.