திண்ணை யாருக்கு?

பழைய வீடொன்றைப் பழுதுபார்த்து, உள்ளே விடுதி நடத்தி, வாயிலில் 'பாரம்பரிய இல்லம்' என்று பலகையும் மாட்டிவிட்டால், முன்னோர் தேடிவைத்த செல்வம் காப்பாற்றப்பட்டுவிட்டது என்று நம்புவோர் இன்று பெருகியிருக்கின்றனர். புதுச்சேரியிலும், செட்டிநாட்டு ஊர்களிலும், தரங்கம்பாடியிலும் இத்தகைய விடுதிகள் தோன்றியுள்ளன. அவற்றைப் புகழ்வோர் உளர். பணக்காரரின் வீண் ஆடம்பரம் என்று இகழ்வோரும் உளர். நாம் இரு சாராரோடும் மாறுபடுகிறோம். ஓரிரவு அத்தகைய விடுதியில் தங்கிப் பார்த்த பிறகே இதனை எழுதுகிறோம்.

தங்க நேர்ந்தது எமது விருப்பத்தால் அன்று. எம்மிடம் ஸர்ஃபும் நஹ்வும் ஓதிய மாணவர் ஒருவர் இன்று வளைகுடாவில் பணிபுரிகிறார். திருக்கழுக்குன்றத்தில் அவருடைய பாட்டனார் கட்டிய வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் நால்வரும் நான்கு நாடுகளில். மாமல்லபுரத்துக்கு வரும் பயணிகளை மனத்திற்கொண்டு நிறுவனம் ஒன்று அவ்வீட்டை நீண்ட குத்தகைக்குக் கேட்கிறது. "ஹஜ்ரத், கொடுக்கலாமா என்று நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லும் முன், கொடுத்தால் வீடு என்ன ஆகும் என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று கூறி, புதுச்சேரியில் ஒரு விடுதியில் அறை எடுத்துத் தந்தார். அந்த ஓரிரவின் வாடகை, மதரஸா ஆசிரியர் ஒருவரின் பாதி மாதச் சம்பளம். அதைக் கேட்டபின் உறக்கம் எப்படி வரும்!

வீட்டைப் பற்றி முதலில் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். வேலைப்பாடு சிறந்தது. சுண்ணாம்புச் சாந்துச் சுவர், குத்துக்கல்லாகச் செங்கல் அடுக்கிய மாடித் தளம், தேக்குத் தூண், நடுமுற்றம் யாவும் உரிய பொருளைக்கொண்டே சீராக்கப்பட்டிருந்தன. சிமெண்டைக் கண்ட இடத்தில் அப்பும் இக்காலத்தில் அந்தக் கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் எத்தனை துஆ செய்தாலும் தகும். புதுச்சேரியின் தமிழர் தெருக்களுக்கென ஓர் அமைப்பு உண்டு. தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அதற்கு உள்ளே திண்ணை, அதன்பின் கதவு, கதவுக்கு அப்பால் முற்றம். பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதியில் தெருவைப் பார்த்து நிற்பது மதில். தமிழர் பகுதியில் தெருவைப் பார்த்து நிற்பது திண்ணை. வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீரமைத்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் விருது கிடைத்தபோது, இந்தத் தாழ்வாரங்களை மீட்டெடுத்ததும் அதன் சிறப்புகளுள் ஒன்றாயிருந்தது.

நாம் தங்கிய வீட்டிலும் திண்ணை இருந்தது. நெல்லிக்காய் வைத்தால் உருளும் அளவுக்கு வழுவழுப்பு. நாம் போய் நின்றதும் காவலாளி, "வசூலெல்லாம் உள்ளே ஆபீஸில் கேளுங்க பாய், இங்கே நிற்கக் கூடாது" என்றார். எமது தாடியையும் தோள்பையையும் கண்டு மதரஸா வசூலுக்கு வந்தவர் என எண்ணிவிட்டார். அந்த வேலையையும் முப்பது ஆண்டுகளாகச் செய்திருக்கிறோமாதலால் வருத்தமில்லை. அறைச்சீட்டைக் காட்டியதும் பதறிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டார்.

அஸருக்குப் பின் மழை பிடித்துக்கொண்டது. நாம் திண்ணையில் அமர்ந்திருந்தோம். தள்ளுவண்டியில் வேர்க்கடலை விற்கும் முதியவர் ஒருவர் வண்டியைத் தாழ்வாரத்தை ஒட்டி நிறுத்திவிட்டு, திண்ணையில் ஏற ஒரு காலை வைத்தார். "இறங்குங்க பெரியவரே, கெஸ்ட் உட்காரும் இடம்" என்றார் காவலாளி. பத்துப் பேருக்கு இடமிருந்தது. இருந்தவர் நாம் ஒருவரே. எம்மோடு இருக்கட்டும் என்றோம். "என் வேலை போய்விடும் பாய்" என்றார் அவர். அந்தச் சொல்லுக்கு எம்மிடம் பதில் இல்லை. மேலாளரைக் காண உள்ளே போய்த் திரும்புவதற்குள் முதியவர் மழையோடு மழையாக வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருமுனையைக் கடந்துவிட்டார். எழுந்து அவரோடு தாமும் இறங்கி நிற்பதே விருந்தினராகிய எமக்கு முறை என்பது இரவில்தான் தோன்றியது.

மேலாளர் இளைஞர், பண்பாகவே பேசினார். வீட்டைத் தாங்கள் எடுத்திராவிட்டால் இந்நேரம் அது தரைமட்டமாகி அங்கே அடுக்குமாடி எழுந்திருக்கும் என்றார். உண்மைதான். அதே ஊரில் நகரமன்றக் கட்டடமே பராமரிப்பின்றி 2014ஆம் ஆண்டு மழையில் இடிந்து விழுந்தது. 2021இல்தான் பழைய உருவில் மீண்டும் எழுந்தது. அரசின் மாளிகைக்கே அந்தக் கதியென்றால் தனியார் வீட்டுக்கு யார் துணை? விடுதிக்காரர் சுவரைக் காத்தார் என்பதை ஒப்புக்கொள்கிறோம். எதற்காகக் காத்தார் என்பதே வினா.

திருமறையின் கஹ்ஃபு அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களும் கிழ்ரு (அலை) அவர்களும் ஓர் ஊருக்கு வந்து உணவு கேட்ட வரலாறு வருகிறது. ஊரார் விருந்தளிக்க மறுத்தனர். அந்த ஊரிலேயே சாய்ந்து விழவிருந்த சுவர் ஒன்றைக் கிழ்ரு (அலை) நிமிர்த்தி வைத்தார். இதற்குக் கூலி பெற்றிருக்கலாமே என்பது மூஸா நபியின் கேள்வி. அச்சுவரின் கீழ் இரண்டு அநாதைச் சிறுவரின் புதையல் இருந்தது என்பதும், அவர்கள் பருவமடைந்து அதனை எடுக்கும் வரை சுவர் நிற்க வேண்டும் என்பதும் பின்னர் விளங்குகிறது. பழஞ்சுவரை நிமிர்த்துவது எத்துணை உயர்ந்த செயல் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் சுவரின் பெருமை, கீழே கிடந்த பொருள் உரியவருக்குப் போய்ச் சேர்ந்ததில் இருக்கிறது. நிமிர்த்தியவரே புதையலையும் எடுத்துக்கொண்டிருந்தால் அந்த வரலாறு அங்கு இடம்பெற்றிராது.

தமிழர் வீட்டுச் சுவரின் கீழிருந்த புதையல் எது? திண்ணை. அதன் வாரிசு யார்? வழிப்போக்கன். இப்னுஸ் ஸபீல் என்று அவனைப் பெயர் சொல்லி ஸகாத்தின் எட்டுப் பங்காளிகளில் ஒருவனாக ஆக்கியிருக்கிறது திருமறை. வீட்டுக்காரன் விரும்பினால் தரலாம், இல்லையேல் மறுக்கலாம் என்று விடப்பட்ட பிச்சையன்று அது, உரிமை.

கூலி வாங்குவதே தவறு என்று நாம் வாதிடுவதாக யாரும் எண்ண வேண்டாம். பிறர் வீட்டில் அனுமதியின்றி நுழையலாகாது என்ற கட்டளை இறங்கியபோது, ஷாம் தேசத்து வழியில் குடியிருப்பவர் எவருமில்லாத சத்திரங்கள் உள்ளனவே, அவற்றில் என்ன செய்வது என்று ஹஜ்ரத் அபூபக்ர் (ரலி) வினவியதாகவும், அதன்மேல் நூர் அத்தியாயத்தின் 29ஆம் வசனம் விலக்களித்ததாகவும் தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதுகின்றனர். ஆக வீடு வேறு, சத்திரம் வேறு. வீடென்றால் வீட்டுக்காரன் இருந்து வரவேற்க வேண்டும். சத்திரமென்றால் வழிப்போக்கனுக்குத் திறந்திருக்க வேண்டும். இந்தப் புதுவகை விடுதியோ வீட்டின் பெருமையைச் சொல்லிச் சத்திரத்தின் கட்டணத்தை வாங்குகிறது. இரண்டின் கடமையையும் விட்டுவிடுகிறது.

ஹஜ்ரத் உமர் (ரலி) மதீனாவில் மாவும் பேரீச்சம்பழமும் உலர்திராட்சையும் நிறைத்து ஒரு களஞ்சியம் வைத்தது ஊர்க்காரருக்காக மட்டுமன்று, வழியில் பொருள் தீர்ந்தவருக்காகவும். உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) சமர்கந்துப் பகுதியின் ஆளுநருக்கு எழுதி, வழிநெடுகச் சத்திரங்கள் கட்டவும், வருவோரை ஒரு நாள் ஓரிரவு உபசரிக்கவும், நோயுற்றவரை இரட்டிப்புக் காலம் வைத்திருக்கவும், அவர்களின் பிராணிகளையும் கவனிக்கவும் ஆணையிட்டார். பாரசீகத்தில் இஸ்ஃபஹான் நகரத்துச் சஹார்பாக் மதரஸாவை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவர்கள் அதன் பக்கத்திலேயே ஒரு ஸராயையும் கட்டினர். ஸராயின் வருமானம் மதரஸாவைப் பேணியது. அந்த ஸராய்தான் 20ஆம் நூற்றாண்டில் ஆடம்பர ஓட்டலாகியது. பாரசீகத்துப் பழைய ஸராய்களுள் 54ஐ 2023இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தார்கள். கட்டடங்களுக்குப் பட்டியல் உண்டு. அவற்றில் படுத்தெழுந்தவரின் உரிமைக்குப் பட்டியல் இல்லை.

விடுதிக்காரரை மட்டும் கூண்டில் ஏற்றுவது முறையாகாது. நம்மவர் கதை என்ன? புனித மக்காவில் துருக்கியர் கட்டிய அஜ்யாத் கோட்டை 2002இல் குன்றோடு சேர்த்துத் தகர்க்கப்பட்டு, அவ்விடத்தில் வானளாவும் ஓட்டல் கோபுரங்கள் எழுந்தன. வக்ஃபு என்ற பெயரிலேயே எழுந்தன. கஅபாவைப் பார்க்கும் அறைக்கு ஒரு விலை, பார்க்காத அறைக்கு வேறு விலை. புதுச்சேரி விடுதிக்காரர் சுவரையேனும் வைத்திருக்கிறார் என்று சொல்லும்படி ஆயிற்றே!

இங்கே காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் பாட்டன் கட்டிய வீடுகளை இடித்து, திண்ணை இருந்த இடத்தில் இரும்புக் கதவும் கார்நிறுத்தமும் கட்டுவது யார்? கம்பெனிக்காரனா? சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே சவலை இராமசாமி முதலியாரின் சத்திரமும், மேல்விஷாரம் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் எழுப்பிய சித்தீக் ஸராயும் ஏறத்தாழ அண்டை வீட்டார்போல் அமைந்தவை. ஊருக்குப் புதியவன் இரவில் எங்கே படுப்பான் என்ற கவலை இரு சமயத்துச் செல்வரையும் உறுத்திய காலம் அது. இன்று செல்வர் குறைந்துவிடவில்லை.

திருக்கழுக்குன்றம் வந்த விருந்தினரால் பெயர் பெற்ற ஊர். நண்பகல்தோறும் வேதகிரி மலைமேல் அன்னம் வைத்து இரு பறவைகளுக்காகக் காத்திருப்பார்கள். அது அவர்களது சமயம். எனினும் வேளை தவறாது விருந்தை எதிர்நோக்கும் பண்பு எவருக்கும் உரியது. பறவைகள் வருவது நின்று பல்லாண்டுகளாயின. மலைச்சரிவின் ஒருகல் மண்டபத்தில், சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்துபோன டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டில் தம் பெயர்களைக் கீறிவைத்துள்ளனர். வந்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. வழியில் அவர்களுக்குத் தண்ணீர் தந்தவர் பெயர் எங்குமில்லை. எமது மாணவரின் பாட்டனார் அந்தப் பெயரில்லாதவர் கூட்டத்தைச் சேர்ந்தவர். பௌர்ணமிக்கு மலையைச் சுற்ற வருவோர் அவர் திண்ணையில்தான் படுப்பார்கள். இரண்டு பானைத் தண்ணீரும் ஒரு விசிறியும் வைத்திருப்பார். படுத்தவர்களில் எவரும் முஸ்லிமல்லர், அவரும் கேட்டதில்லை. சிறுவயதில் அந்தப் பானைகளுக்கு நீர் சுமந்தவர் எமது மாணவர்.

ஆகவே அவருக்கு நாம் சொன்ன பதில் இது: வீட்டைக் குத்தகைக்குக் கொடுக்கலாம், இடியவிடுவதைவிட அது மேல், ஆனால் திண்ணையைக் கொடுக்காதீர். திண்ணையையும் தெருவாசலை ஒட்டிய சிறு அறையையும் பிரித்து, வழிப்போக்கருக்கென வக்ஃபு எழுதிவையுங்கள். எஞ்சிய வீட்டின் வாடகையில் ஒரு பங்கு அதன் பராமரிப்புக்கு என்றும் எழுதுங்கள். பாகம் பிரியாத சொத்தில் வக்ஃபு செல்லுமா என்று கேட்டார். ஷாஃபிஈ மத்ஹபில் தடையில்லை. ஹனஃபீ இமாம்களில் முஹம்மது (ரஹ்) மறுத்தாலும் அபூயூசுஃப் (ரஹ்) அனுமதிக்கிறார். எண்பது ஆண்டுகளாக ஊரார் படுத்து வந்ததே போதாதா, எழுத்து எதற்கு என்றும் கேட்டார். போதாது. 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பின், நீண்ட கால உபயோகத்தினாலேயே ஒன்று வக்ஃபு ஆகிவிடும் என்ற வழி இனிப் புதிதாகக் கிடைக்காது, பத்திரம் வேண்டும். முன்னோர் வாயால் சொல்லிவிட்டுப் போனதை நாம் முத்திரைத்தாளில் சொல்ல வேண்டிய காலம்.

நிறுவனத்தின் வழக்கறிஞர், திண்ணையில் அந்நியர் படுத்தால் விருந்தினர் வரமாட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். விருந்தினர் யார், அந்நியர் யார் என்பதில்தான் எமக்கும் அவருக்கும் வழக்கு. பத்திரத்தின் வரைவை அரபு வாசகத்தோடு தமிழிலும் எழுதி நால்வருக்கும் அனுப்பிவைத்தோம். மூவர் சம்மதம் தெரிவித்துள்ளனர். கடைசித் தம்பி, வாடகை எவ்வளவு குறையும் என்று கேட்டு எழுதியிருக்கிறார்.