பச்சடி நீர்த்துப் போகிறதா?

கேள்வி: வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடி சிறிது நேரத்தில் நீர்த்துவிடுகிறது. கெட்டியாகச் செய்வது எப்படி?
- வாசகி, செந்துறை வட்டம், அரியலூர் மாவட்டம்.

பதில்: வெள்ளரிக்காயில் சுமார் 95 சதவீதம் தண்ணீர்தான். உப்பு பட்டதும் அது வெளியேறித் தயிரை இளக்கிவிடும். எனவே, புளிக்காத தயிரைச் சுத்தமான பருத்தித் துணியில் கட்டி, குளிர்ந்த இடத்தில் 4 மணி நேரம் வடியவிடவும். காயைத் துருவி உப்பில் பிசறி, 15 நிமிடம் கழித்துப் பிழிந்து சேர்க்கவும். கிரேக்க நாட்டில் இதில் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்ப்பார்கள்; நமக்குச் சின்ன வெங்காயமும் கொத்தமல்லியும் போதும். வடிந்த நீரை மோரில் கலந்து குடிக்கலாம்.

துருவும் முன் காம்புப் பக்கம் சிறிது நறுக்கிச் சுவைத்துப் பார்க்கவும். கடுமையாகக் கசந்தால் அந்தக் காய் வேண்டாம்; வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். சமைத்தாலும் கசப்பு போகாது. வறட்சியில் கசப்பு கூடும் என்பதால், காய்க்கும் பருவத்தில் பாத்தியைக் காயவிடாதீர்கள்.