மனையைச் சுத்தம் பண்றோம் பேர்வழின்னு...

ஜேசிபி வந்தால் எங்கள் தெருவில் இன்றைக்கும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். போன மாதம் கூடியது எங்கள் மனையில். ரெண்டே மணி நேரம்தான். முள்ளு, குப்பை, வேலியோர வேப்பமரம், எல்லைக்கல், மேல்மண் எல்லாம் ஒரே குவியல். "எப்படிப் பளிச்சுனு இருக்கு பாருங்க சார்" என்று வாடகையை வாங்கிக்கொண்டு டிரைவர் போய்விட்டார். அப்பாவுக்குத் திருப்தி. எனக்குத்தான் வயிறு எரிந்தது.

டிரைவர் மேல் தப்பே இல்லை. மணிக்கணக்கு வாடகை, யோசித்துக்கொண்டா நிற்பார்? யோசிக்க வேண்டியது நாம், அதுவும் வண்டி வருவதற்கு முன்னாடி. நாம் நல்ல நாள் பார்ப்போம், வாஸ்து பார்ப்போம். மனைக்குள் என்ன இருக்கு என்று மட்டும் ஒரு நடை போய்ப் பார்க்க மாட்டோம்.

முதலில் எல்லைக்கல். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு கல்லையும் தேடி பெயிண்ட் அடிக்க அரை நாள் போதும். அதைச் செய்யாமல் கல்லைப் பிடுங்கிவிட்டு, இப்போது சர்வேயர் பின்னாடி அலைகிறோம். பக்கத்து மனைக்காரர் முறைப்பது தனி.

அடுத்து மரம். வீடு வரப்போவது நடுவில், வேம்பு இருந்தது வேலியில். பிளானை விரித்துப் பார்த்திருந்தால் ஒரு சிவப்புத் துணி கட்டி, சுற்றிக் கயிறு இழுத்துக் காப்பாற்றியிருக்கலாம். கயிறு கொஞ்சம் தள்ளியே இருக்கணும். வேர் மேல் வண்டி ஏறி ஏறி மண் இறுகினால் வெட்டாத மரமும் நின்றபடியே பட்டுப்போகும். பனை இருந்தால் இன்னும் கவனம். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தாகிவிட்டது.

எதையுமே வெட்டாதே என்று நான் சொல்லவில்லை. சீமைக் கருவேலத்தைத் தாராளமாக எடுங்கள், ஆனால் வேரோடு. மேலே மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். எங்கள் மனையில் நடந்த கூத்தைக் கேளுங்கள்... வேம்பு வேரோடு போச்சு, கருவேலம் மேலாக்க மட்டும் போச்சு. இப்போதே துளிர் விட்டாச்சு!

மேல்மண் கதை இன்னும் மோசம். அந்த அரையடி மண்ணில்தான் மட்கிய இலையும் புழுவும் உயிரும் இருக்கு. முதலில் அதை வழித்து ஒரு மூலையில் குவித்திருந்தால் நாளைக்குத் தோட்டத்துக்கு ஆகும். நாங்கள் குப்பையோடு லாரியில் அனுப்பிவிட்டோம். வீடு முடிந்ததும் செம்மண் ஒரு லோடு விலைக்கு வாங்குவோம், பார்த்துக்கொண்டே இருங்கள்.

"இலை கொட்டும், வேர் சுவரைப் பிளக்கும், இடம் நம்முது, உனக்கென்ன?" என்கிறார்கள். சுவரை ஒட்டி நிற்கிற மரத்துக்கு அது சரி. வேலியோரத்து மரத்துக்கு? நான் படிப்பது காமர்ஸ். ஒரு மேஜை நாற்காலிக்கே வருஷா வருஷம் தேய்மானம் எழுதச் சொல்லித் தருகிறார்கள். இருபது வருஷம் தானாக வளர்ந்த நிழலைப் பத்து நிமிஷத்தில் கணக்கை விட்டே தூக்கிவிட்டு, அதற்குச் 'சுத்தம்' என்று பேர் வைப்பது எந்த ஊர்க் கணக்கு?

நேற்று சாப்பிடும்போது அப்பா சொல்கிறார், கிரகப்பிரவேசத்துக்கு வருகிற எல்லாருக்கும் தாம்பூலப் பையில் ஒரு மரக்கன்று கொடுக்கப் போகிறாராம்.

வேப்பங்கன்றாம்!