கடற்காற்று இருந்தால் போதுமா?

“நமக்குக் கடல் இருக்கிறது, காற்று மாசு டெல்லிக்காரர்கள் கவலை.” செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை பலரும் சொல்வது இது. இதற்கு அவர்கள் காட்டும் மூன்று காரணங்களும் ஆராய்ந்தால் நிற்பதில்லை.

1. ‘கடற்காற்று மாசை அடித்துக்கொண்டு போய்விடும்.’

கோடையில் நண்பகலை ஒட்டி எழும் கடற்காற்று புகையைக் கலைக்கிறது என்பது உண்மை. ஆனால், அது மாசை அழிப்பதில்லை. உள்நாட்டுப் பக்கம் தள்ளுகிறது. கரையோரத்தின் புகை மேற்கே இருப்பவர்களின் மூச்சுக்குப் போய்ச் சேரும். மார்கழி, தை விடியலில் அந்த உதவியும் இல்லை. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலெழாமல் தேங்கிவிடும். புகையும் அதோடு தேங்கும். 2018 போகியன்று கடலுக்கு அருகிலுள்ள மீனம்பாக்கம் விமான நிலையத்திலேயே புகைமூட்டத்தால் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்ப வேண்டியதாயிற்று.

2. ‘கைபேசியில் எண் பச்சையாகத்தானே இருக்கிறது?’

2015 முதல் நடைமுறையில் உள்ள நமது காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளைக் கணக்கில் கொள்கிறது. அவற்றில் எது மிக மோசமோ, அதன் எண்ணே குறியீடாகிறது. 50 வரை ‘நன்று’; 100 வரை ‘திருப்திகரம்’. பி.எம். 2.5 என்னும் நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் 30 மைக்ரோகிராம் இருந்தாலும் ‘நன்று’தான், 60 இருந்தாலும் ‘திருப்திகரம்’தான். உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாளுக்கு வகுத்த அளவோ 15. ‘நன்று’ என்னும் பச்சை நிறத்துக்குள்ளேயே அதைப்போல் இரு மடங்கு அடங்கிவிடுகிறது.

இந்தத் துகள் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை இறங்கி மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுகிறது. தமிழ்நாட்டில் 1,285 தாய்மார்களையும் அவர்கள் குழந்தைகளையும் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. கர்ப்ப காலத்தில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை சுமார் 4 கிராம் குறைவதை அது கண்டது. அளவு சிறிதுதான், ஆனால் விறகடுப்புப் புகையில் சமைக்கும் பெண் சுவாசிப்பது பல பத்து மைக்ரோகிராம் கூடுதலாக இருக்கும்.

3. ‘செங்கல்பட்டு மாவட்டத்துக்கே ஓர் எண் போதும்.’

வண்டலூரில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள கண்காணிப்பு நிலையத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். அங்கே பதிவாகும் 24 மணி நேரச் சராசரி, மாமல்லபுரத்துச் சிற்பக்கூடத்தில் கட்டரும் கிரைண்டரும் ஓடும் நேரத்தைக் காட்டாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு: குறியீடு துகளின் எடையைச் சொல்லும், அது எதனால் ஆனது என்று சொல்லாது. கருங்கல்லை அறுக்கையில் எழும் தூசியில் படிகச் சிலிக்கா இருக்கிறது. அது ஆண்டுக்கணக்கில் நுரையீரலைத் தழும்பாக்கி, சிலிகோசிஸ் நோயைத் தருகிறது. காசநோய்க்கும் வழி திறக்கிறது. சிலிகோசிஸைக் குணப்படுத்த மருந்து இல்லை. உளியைவிட மின்கருவிகள் மிக நுண்ணிய தூசியை மிக அதிகமாகக் கிளப்புகின்றன. முகத்தில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது.

கல்லை நனைத்து அறுப்பதும், முகத்தோடு பொருந்தும் என்-95 கவசம் அணிவதும் இன்றே செய்யக்கூடியவை. சிற்பக்கூடங்களின் தூசியை அளப்பதும், சிற்பிகளுக்கு ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை நடத்துவதும் அரசின் கடமை. வாசகர்களே, இனி குறியீட்டின் நிறத்தோடு நின்றுவிடாமல் பி.எம். 2.5 அளவையும் பாருங்கள். போகிக்கு டயரும் பிளாஸ்டிக்கும் கொளுத்தாதீர்கள். அந்தப் புகையைக் கடல் வந்து துடைக்காது.