நிலத்தின் அடியில் என்ன நடக்கிறது?

கமக்காரர் மேல்மண்ணை நன்கு அறிவர். அதன் ஆழத்திலுள்ள பாறையைப் பற்றி அவர்களிடம் எவரும் பேசுவதில்லை. பேசியே ஆகவேண்டும் என்பது எமது கருத்து.

ஆழத்துப் பாறை எப்போதும் மேற்பாரத்தாலும் பக்க நெருக்கத்தாலும் இறுகிக் கிடக்கிறது. எரிவாயு எடுப்பதற்காக உயர் அமுக்கத்தில் நீரைச் செலுத்தி அதைப் பிளக்கும்போது அந்த நெருக்கம் இடம் மாறுகிறது. நீர் பழைய வெடிப்பொன்றினுள் புகுந்தால், இறுகப் பிடித்திருந்த இரு பக்கங்களும் வழுக்குகின்றன.

இங்கிலாந்தில் பிளாக்பூல் நகருக்கு அருகே, களிப்பாறையில் 2011 ஏப்ரலில் இதுவே நடந்தது. 2.3 அளவில் நிலம் அதிர்ந்தது. கிணற்றின் உருக்குக் குழாயும் ஆழத்தில் நெளிந்தது. பின்னர், 0.5 அளவு அதிர்ந்தாலே நீர் செலுத்துவதை நிறுத்தவேண்டும் என விதி வந்தது. ஆயினும் அதே பகுதியில், வேறொரு கிணற்றருகே, 2019 ஓகஸ்டில் 2.9 அளவில் அதிர்ந்தது. அன்று நீர் செலுத்தப்படவே இல்லை. நவம்பரில் அரசு அவ்வேலையை நிறுத்தியது.

பம்பியை நிறுத்தலாம், பாறையை நிறுத்த முடியாது. ஆகவே துளைக்கமுன் பாறையை அளந்து, முடிவை மேலே பயிர் செய்யும் குடும்பங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லவேண்டும். நிலத்தை ஒருமுறை இழந்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.