முதல் ஒரு மணி நேரத்தை யார் கத்துக்கொடுக்கறது?

1/ மருத்துவக் கல்வின்னு பேச்செடுத்தாலே நீட்ல ஆரம்பிச்சு நீட்லயே முடிச்சிடறோம். அது முக்கியமான சண்டைதான். ஆனா உள்ளே போற வாசலைப் பத்திப் பேசற அளவுக்கு வெளியே வர்ற வாசலைப் பத்தி யாரும் பேசறதில்ல. அஞ்சரை வருஷம் முடிச்ச டாக்டர், முதல் நைட் டியூட்டிக்கு என்ன தெரிஞ்சு வர்றார்? இந்த இழை அதைப் பத்தி.

2/ காரியாபட்டி, திருச்சுழி பக்கம் மானாவாரி பூமி. பாம்புக்கடி இங்க புதுசில்ல. வெறுந்தரையில படுத்தவர் விடியக்காலை வயித்துவலின்னு வருவார். கடிச்ச தடமே இருக்காது. இமை மட்டும் லேசாத் தொங்கும். கட்டுவிரியனான்னு உடனே சந்தேகப்படணும்.

3/ விரியன் கடின்னா இன்னொரு சோதனை. 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில எடுத்து 20 நிமிஷம் ஆட்டாம வைக்கணும். சாய்ச்சுப் பார்த்து உறையலைன்னா விஷமுறிவு மருந்து போட்டாகணும். பிளாஸ்டிக் குழாய்ல எடுத்தா முடிவு தப்பாகிடும். மருந்து ஏறும்போது அலர்ஜி வந்தா அட்ரினலின் கையில தயாரா இருக்கணும். இதுக்கு ஸ்கேன் வேண்டாம், பழகின கை வேணும்.

4/ இதே நோயாளி மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது ட்ரிப் ஏறி, மருந்து போட்டு, ரெஃபரல் சீட்டோட போறார். அங்க இருக்கற மாணவர் பெரும்பாலும் பார்க்கறது கதையோட ரெண்டாம் பாதி. மாரடைப்பு, பூச்சிமருந்து குடிச்சவங்க, பிரசவத்துக்கப்புறம் ரத்தப்போக்கு, எல்லாத்துக்கும் இதே நிலைதான். முதல் ஒரு மணி நேரம் தாலுகா ஆஸ்பத்திரியில நடக்குது. படிப்பு மெடிக்கல் காலேஜ்ல நடக்குது.

5/ இது புதுக் கண்டுபிடிப்பு இல்ல. 1946 போர் குழு அறிக்கையே கிராமத்தை மனசுல வச்சு டாக்டரை உருவாக்கணும்னு சொல்லிச்சு. 1977ல வந்த ரோம் திட்டம் ஒவ்வொரு காலேஜோடயும் 3 ஆரம்ப சுகாதார நிலையங்களை இணைச்சது. நோக்கம் நல்லதுதான். ஆனா பரீட்சையும் மார்க்கும் பெரிய ஆஸ்பத்திரியிலேயே நின்னுடுச்சு.

6/ இப்பவும் ஹவுஸ் சர்ஜன்சி 12 மாசத்துல சமூக மருத்துவத்துக்கு 12 வாரம் இருக்கு. பல இடங்கள்ல அது நீட் பிஜிக்குப் படிக்கற காலமாயிடுது. 200 கொள்குறிக் கேள்விதான் எதிர்காலத்தைத் தீர்மானிக்குதுன்னா பிள்ளைங்க அதைத்தான் படிப்பாங்க. அவங்களைத் திட்டிப் பிரயோஜனமில்ல.

7/ நான் கேட்கறது ரெண்டே ரெண்டு.
ஒண்ணு: ஹவுஸ் சர்ஜன்சியில 3 மாசம் தாலுகா ஆஸ்பத்திரி, நைட் டியூட்டியோட. பிஜி மாணவர்களுக்கு மாவட்ட மருத்துவமனையில 3 மாசப் பணி ஏற்கனவே கட்டாயம். இங்க மட்டும் ஏன் முடியாது?
ரெண்டு: முடிவுல செய்முறைத் தேர்வு. அந்த மார்க் பிஜி சேர்க்கையிலயும் சேரணும். இல்லேன்னா இதுவும் ரோம் திட்டம் மாதிரிதான் ஆகும்.

8/ "அங்க வாத்தியார் எங்க?"ன்னு கேட்பீங்க. அரசு டாக்டர்களுக்கு மேற்படிப்புல 50% ஒதுக்கீடு நம்ம மாநிலத்துல இருக்கு. மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம்னு 2020 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றமும் சொல்லிடுச்சு. அப்படிப் படிச்சவங்கதான் தாலுகா வரைக்கும் வர்றாங்க. 2025 விதிப்படி 220 படுக்கைக்குக் குறையாத அரசு மருத்துவமனையில 10 வருஷம் பார்த்த ஸ்பெஷலிஸ்ட் இணைப் பேராசிரியர் ஆகலாம். தாலுகா ஆஸ்பத்திரி அந்தக் கணக்குலயே வராது. இவங்களுக்கும் ஆசிரியர் தகுதியும் படியும் கொடுங்க.

9/ ஒரு பயம் நியாயமானது: காலியிடத்தை நிரப்ப ஹவுஸ் சர்ஜனை அனுப்பிடுவாங்களோ? சீனியர் இல்லாத டியூட்டியில ஒருத்தரைக்கூடத் தனியா விடக் கூடாது. இதை விதியிலேயே எழுதணும். அப்படி விட்டா எதிர்க்கற முதல் ஆள் நான்தான்.

10/ 2022 ஜனவரியில திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில வருஷத்துக்கு 150 இடம். காரியாபட்டியும் திருச்சுழியும் அதே மாவட்டம்தான். முன்னோட்டமா இங்கிருந்தே தொடங்கலாம். உங்க வீட்டுப் பிள்ளை எம்பிபிஎஸ் படிச்சா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: "ராத்திரி ரெண்டு மணிக்குப் பாம்புக்கடி வந்தா நீ தனியா என்ன செய்வே?" பதிலை இங்க எழுதுங்க. மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்க, பேசுவோம்.