பெயர்ப் பலகையும் பேரேடும்

கணக்கெழுதித் தரும் சிறு நிலையங்கள் தங்கள் பெயரையும் தோற்றத்தையும் மாற்றிக்கொண்டு, வருவோரை இன்முகத்துடன் வரவேற்பனவாகக் காட்சியளிக்க வேண்டும் என்னும் பேச்சு இக்காலத்தில் மிகுந்துள்ளது. பங்காளிகளின் பெயர் முதலெழுத்துக்களைக் கோத்து 'அண்டு கம்பெனி' என்று முடியும் பலகைக்குப் பதிலாக எளிய பெயர். இறுகிய கறுப்பு எழுத்துக்குப் பதிலாகக் கண்ணுக்கினிய வண்ணம். சுவரில் சிரிக்கும் புகைப்படம். நெசவாளருக்கும் விவசாயிக்கும் இதில் என்ன அக்கறை என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். சரக்கு-சேவை வரி 2017 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பிறகு, ஆடிட்டர் வாசலையே மிதித்திராத பலர் அங்கே போக நேர்ந்திருக்கிறது. ஆகவே அவ்வாசலின் தோற்றம் நம்மையும் பொறுத்ததே.

இந்த மாற்றத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. மஞ்சள் பையில் ரசீதுகளைத் திணித்துக்கொண்டு படியேறுகிறவர், தம் அறியாமை வெளிப்பட்டுவிடுமோ என்றும், கூலி எவ்வளவு கேட்பார்களோ என்றும் அஞ்சுவது உண்மை. அந்த அச்சத்தால் நாள் கடத்தி, தாமதக் கட்டணம் செலுத்துகிறவர்களும் உண்டு. படியேறும் தயக்கத்தை ஒரு பலகை குறைக்குமானால் அது நல்ல பலகையே. ஆனால் படியேறிய பின் நடப்பது என்ன என்பதுதான் நம் கேள்வி.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கான்சாஸ் நகரில் 1946-இல் இரு சகோதரர்கள் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கெழுதித் தரும் ஸ்தாபனம் ஒன்றைத் தொடங்கினர். 'யுனைடெட் பிசினஸ் கம்பெனி' என்பது அதன் பெயர். யாருடையது, என்ன செய்கிறது என்று அப்பெயரிலிருந்து ஒருவருக்கும் விளங்காது. மூத்தவர் பின்னர் விலகிவிட, ஹென்றியும் தம்பி ரிச்சர்டும் அதை நடத்தினர். வருமான வரிப் படிவம் நிரப்புவது அவர்களுக்குப் பக்கவேலை. நேரத்தை விழுங்குகிறது என்று அதைக் கைவிடவும் எண்ணியிருந்தனர். நாளிதழின் விளம்பரப் பகுதியில் பணியாற்றிய வாடிக்கைக்காரர் ஒருவர் அவர்களைத் தடுத்து, ஒரு விளம்பரம் செய்து பார்க்கும்படி வற்புறுத்தினார். 1955 ஜனவரியில் 'கான்சாஸ் சிட்டி ஸ்டார்' இதழில் அவ்விளம்பரம் வெளிவந்தது. படிவம் நிரப்பக் கூலி 5 டாலர் என்று அதிலேயே அச்சிட்டிருந்தனர். நிலையத்தில் இடம்கொள்ளாத கூட்டம் சேர்ந்தது. அவ்வாண்டே பெயரும் 'எச் அண்டு ஆர் பிளாக்' என்று மாறிற்று. அவர்களுடைய குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதியபடியே படித்தால் 'பிளாட்ச்' என்று உச்சரிக்க இடமுண்டு. அச்சொல்லுக்குக் கறை என்று பொருள். வரிப் படிவத்தில் கறை படிவதை யார் விரும்புவார்? எனவே எழுத்தையே மாற்றி, ஒலிக்கிறபடி எழுதினர். 1972 முதல் ஹென்றியே தொலைக்காட்சியில் தோன்றித் தம் வேலையை எளிய சொற்களில் எடுத்துரைத்தார்.

பெயர் மாற்றத்தால்தான் கூட்டம் வந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வரி இலாகா அந்நகரில் மக்களுக்கு இலவசமாகவே படிவம் நிரப்பித் தந்துவந்தது. அந்த உதவியை அச்சமயத்தில் நிறுத்திவிட்டது. திக்கற்று நின்றவர்களுக்கு, இன்ன வேலை, இன்ன கூலி என்று ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார். அதுவே அவர்கள் அச்சத்தைப் போக்கிற்று. வெறும் பெயரின் ஆற்றல் எவ்வளவு என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 2002-இல் மிகப் பெரிய கணக்காயர் ஸ்தாபனம் ஒன்றின் ஆலோசனைக் கிளை 'திங்கட்கிழமை' என்று தனக்குப் பெயர் சூட்டிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. (வாரத்தில் எவருக்கும் பிடிக்காத நாளை ஏன் தேர்ந்தார்களோ!) சில வாரங்களில் ஐ.பி.எம். கம்பெனி அதை வாங்கப் போவதாக அறிவித்தது; பெயரும் அத்துடன் மறைந்தது.

பிளாக் கதையின் பிற்பகுதியும் நாம் அறிய வேண்டியது. 2024 பிப்ரவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் அந்த ஸ்தாபனத்தின் மீது புகார் தொடுத்தது. 'இலவசம்' என்று விளம்பரம் செய்த இணையவழிச் சேவை பலருக்கு இலவசமாக இல்லை என்பது ஒரு குற்றச்சாட்டு. மற்றது இன்னும் நுட்பமானது: அதிக விலைத் திட்டத்தில் நுழைந்துவிட்டவர் குறைந்த விலைத் திட்டத்துக்கு இறங்க விரும்பினால், வாடிக்கைப் பிரிவினரிடம் பேசியாக வேண்டும், அதுவரை பதிந்த விவரங்களும் அழிந்துபோகும் என்பது. இறுதியில் 70 லட்சம் டாலர் செலுத்தவும், முறைகளை மாற்றிக்கொள்ளவும் அந்த ஸ்தாபனம் இணங்கிற்று. இன்முகம் அப்படியே இருந்தது. ஏறுவதற்குப் படி இருந்தது, இறங்குவதற்குத்தான் இல்லை.

நம் நாட்டில் பட்டயக் கணக்காயர்களுக்கான 1949-ஆம் ஆண்டுச் சட்டம், விளம்பரத்தாலும் சுற்றறிக்கையாலும் வாடிக்கை தேடுவதை ஒழுக்கக் குறைவென விலக்கி வைத்தது. 2006-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை ஓரளவு தளர்த்திற்று. பழைய கண்டிப்பைக் கேலி செய்வோரோடு நாம் உடன்படவில்லை. வாடிக்கைக்காரரை மயக்கி அழைத்தவர், அவருக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்வது கடினம். எனினும் வேலையைத் தொடங்குமுன் கூலியை ஒரு தாளில் எழுதித் தருவதற்கோ, தாக்கல் செய்த படிவத்தின் சாரத்தைத் தமிழில் நான்கு வரியில் விளக்குவதற்கோ பழைய கண்டிப்பு ஒருபோதும் குறுக்கே நின்றதில்லை.

நமக்கு எளிதில் விளங்கும் சோதனை ஒன்று சொல்வோம். மத்திய சரக்கு-சேவை வரிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, சொந்த உழைப்பாலோ, குடும்பத்தார் உழைப்பாலோ, தம் மேற்பார்வையில் கூலியாட்களைக் கொண்டோ சாகுபடி செய்கிற விவசாயி, தம் நிலத்தில் விளைந்ததை விற்கும் அளவுக்குப் பதிவு பெற வேண்டியதில்லை. அத்தகையவர் ஒருவர் பதற்றத்துடன் வந்து, 'எனக்கும் நம்பர் எடுத்துக் கொடுங்கள், ஐயா' என்று கேட்கிறார். 'உங்களுக்கு அது தேவையில்லை. வீட்டுக்குப் போங்கள்' என்று சொல்லி அனுப்பும் நிலையத்தின் பலகை துருப்பிடித்திருந்தாலும் நமக்குக் கவலையில்லை. பதிவு செய்து, மாதந்தோறும் வெறுமையான படிவங்களைத் தாக்கல் செய்து, அதற்கும் கூலி பெறும் நிலையம் எவ்வளவு அழகாகச் சிரித்தாலும் நமக்கு வேண்டியதில்லை.

மற்றொன்று, அங்கத்தினர்கள் தாங்களே கவனிக்க வேண்டியது. பதிவின்போது வாடிக்கைக்காரரின் கைப்பேசி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் பதிலாகத் தங்களுடையவற்றையே கொடுத்துவிடும் நிலையங்கள் உண்டு. வசதிக்காக என்பார்கள், வசதியும் உண்டுதான். ஆனால் இலாகாவின் அறிவிப்புகள் எல்லாம் அங்கேயே போய்ச் சேரும். வேறு இடம் போக நினைக்கும் நாளில் கடவுச்சொல்லுக்கும் அவர்களையே நாட வேண்டியிருக்கும். எந்த எண் பதிவாகியுள்ளது என்று கேட்டறிய அரை நிமிடம் போதும். தம்முடையதாக இல்லையெனில் மாற்றிக்கொள்ள இணையதளத்தில் வழியுண்டு. அடுத்த படிவம் கொடுக்கப் போகும்போதே இதைக் கேட்டு, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் தம் குறிப்பேட்டில் எழுதி வாங்கி வரலாம்.